முதல் கெடாமல் ஒரு மண்டபம்

எங்கள் ஊர்ப் படித்துறை மண்டபத்துக்கு முதன்முதலாக வந்த மூன்று லட்சம் ரூபாயை நாங்கள் வாங்கவில்லை.

2019 தைப்பொங்கல் கழிந்த வாரம் அது. சென்னையில் மளிகைக் கடை வைத்து நன்றாக வாழ்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். மண்டபத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். "மேலே கான்கிரீட் போட்டுவிடுவோம் அம்மா. தரைக்கு டைல்ஸ், தூணுக்கெல்லாம் பெயின்ட். வாசலில் அப்பா பேரில் ஒரு கிரானைட் கல். மூன்று லட்சத்தை நாளைக்கே தருகிறேன்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பா வாழைத்தார் சுமை இறக்கி இளைப்பாறிய இடம் அது. நான் அவருக்கு உடனே மறுமொழி சொல்லவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கிழக்கு மூலையைக் காட்டினேன்.

அந்த மூலையில் இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ நல்ல மனதோடு சிமென்ட் பூசியிருந்தார்கள். கூரைக் கல்லின் இடுக்கில் இறங்கிய மழைநீர் வெளியே போக வழியின்றி உள்ளேயே தேங்கி, கல்லின் முகத்தில் உப்பாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். மற்றப் பக்கங்களில் பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்து கிடந்தாலும் கல் கல்லாகத்தான் இருந்தது. சிமென்ட் பட்ட மூலையில் மட்டும் விதானத்தில் செதுக்கியிருந்த இரட்டை மீனில் ஒன்றுக்கு வால் கரைந்துவிட்டது. "அண்ணாச்சி, இன்னொரு மீனையாவது காப்பாற்ற வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். இரண்டரை ஆண்டுகள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் கிளை அஞ்சலகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். எந்த வீட்டுப் பிள்ளை தாராவியில் இருக்கிறான், எந்த வீட்டுப் பெண் துபாயில் செவிலியாக இருக்கிறாள் என்பதெல்லாம் மணியார்டர் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். நிதி திரட்டுவது பற்றி எனக்கு வேறு எதுவும் அப்போது தெரியாது. இந்த ஐந்தாறு ஆண்டுகளில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். திருநெல்வேலிச் சீமையில் இப்படிக் கிடக்கிற மண்டபங்களும் படித்துறைகளும் சுமைதாங்கிக் கற்களும் ஏராளம். யாராவது ஒருவர் எங்கள் தவறுகளைத் தவிர்த்துக்கொண்டால் போதும்.

எங்களை உலுக்கியது 2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி புஷ்கரம் என்ற நீராடல் விழா. பாபநாசத்திலிருந்து கடல் வரை ஒவ்வொரு துறையிலும் கூட்டம். எங்கள் துறைக்கும் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். மண்டபத்தைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒரு அம்மா என்னிடம், "இது யார் கட்டியது? எதற்குக் கட்டியது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அறுபது வயது வரை அதன் படியில் துணி துவைத்தவள் நான்.

அந்த வெட்கத்தில்தான் தொடங்கினோம். தொடங்கியவுடன் நாங்கள் செய்த முதல் தவறு, நன்கொடைப் புத்தகம் அச்சடித்தது. பணம் கேட்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மண்டபம் யாருக்குச் சொந்தம் என்பது. கிராம நிர்வாக அலுவலகத்தில் நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மண்டபம் நிற்கும் இடம் நத்தம் என்கிற குடியிருப்பு நிலம், ஊராட்சியின் பொறுப்பு. அதிலிருந்து நான்கடி கீழே இறங்கினால் படித்துறை ஆற்றுப் புறம்போக்கு, நீர்வளத்துறையின் பொறுப்பு. ஒரே கல்வரிசைக்கு இரண்டு உடைமை! இரண்டு இடத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க, நடுவில் கொரோனாவும் வந்துவிட, பதினெட்டு மாதம் ஆயிற்று. அச்சடித்த புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டோம்.

உங்கள் ஊர்ச் சின்னம் கோயிலுக்குச் சொந்தம் என்றால் அறநிலையத்துறையிடம் போக வேண்டும். பழைய கட்டுமானத்தில் கை வைக்க அவர்களுடைய வல்லுநர் குழு ஒப்புதல் தர வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2010 திருத்தத்தின்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்க்கவும் அனுமதி கட்டாயம். இந்தத் தாள்கள் கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். வாங்கிய பணம் வேலை நடக்காமல் கிடந்தால், அடுத்த முறை ஊர் உங்களை நம்பாது.

அனுமதிக்காகக் காத்திருந்த காலம் வீண்போகவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் நூலும் அளவு நாடாவுமாக வந்து மண்டபத்தை அளந்தார்கள். மொத்தம் பதினாறு தூண். ஆற்றைப் பார்த்து நிற்கும் வடமேற்குத் தூணுக்கு ஒன்று என்று எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதினார்கள். நான்காம் தூணில் கைகூப்பி நிற்கும் ஒரு ஆணும் பெண்ணும். ஒன்பதாம் தூணில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கீறிய கட்டம். ஏழாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி, தூணைத் தழுவி நின்று அளவு நாடாவின் நுனியை அடுத்த பக்கம் தேடிய காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த நோட்டுதான் பிறகு எங்கள் திட்ட அறிக்கைக்கு அடிப்படை. பணம் கொடுக்க வந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது அதைத்தான். "என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?"

மதிப்பீடு போட மரபுக் கட்டடங்களில் பழகிய ஒரு பொறியாளரும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனாரும் வந்தார்கள். இருவரும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுத்தான் ஒரு கணக்குக்கு வந்தார்கள். கூரைக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் புதிய சுருக்கித் தளம் 800 சதுர அடி, சதுர அடிக்கு 500 ரூபாய் வீதம் 4,00,000. தூண்களும் இணைப்புகளும் 1,40,000. படிகளைப் பெயர்த்து மறுபடி பாவ 1,80,000. எழுதிப் பதிந்து ஊருக்குக் காட்டும் வேலைக்கு 60,000. எதிர்பாராச் செலவுக்கு 80,000. ஆக மொத்தம் 8,60,000. அண்ணாச்சி சொன்ன மூன்று லட்சத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கொத்தனார் எழுந்து போகும்போது சொன்ன ஒரு வார்த்தைதான் எங்கள் கணக்கையே மாற்றியது. "இதை நான் செய்து கொடுத்துவிடுவேன் தாயே. வருஷா வருஷம் கூரையில் முளைக்கிற அரசங்கன்றை யார் பிடுங்குவார்?"

எங்களில் ஒருவரிடமும் அதற்குப் பதில் இல்லை. புதுப்பிக்க எல்லோரும் பணம் தருவார்கள். முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடலாம், பெயர் போடலாம். அரசங்கன்று பிடுங்கவும் வடிகாலில் இலை அள்ளவும் யார் தருவார்கள்? எங்கள் மண்டபம் ஒரே நாளில் பாழாகவில்லை. பெருவிரல் கனமுள்ள ஒரு கன்றை எவரும் பிடுங்காததால் பாழாயிற்று. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான். பராமரிப்புக்கான பணத்தை முதலில் திரட்டுங்கள், புதுப்பிக்கும் பணத்தைப் பிறகு திரட்டுங்கள்.

நாங்கள் மூன்று லட்சம் ரூபாயை முதலாகப் போட்டு, அதன் வட்டியில் பராமரிப்பது என்று முடிவு செய்தோம். ஊரில் சொன்னபோது எதிர்ப்பு. "வட்டிக்குப் போடுவதற்கா அக்கா பணம் கேட்கிறீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏன் தர வேண்டும்?

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஆற்றங்கரையிலேயே இருந்தது. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியர் அதை எங்களுக்கு வரி வரியாக விளக்கினார். அரசன் 290 காசு கொடுக்கிறான். அதை இளங்கோக்குடிச் சபையார் கையில் வைக்கிறான். முதல் கெடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வீதம் வரும் 580 கலம் பொலியை, அதாவது வட்டியைக் கொண்டு நாள்தோறும் நான்கு வேளை அமுதுபடி நடக்க வேண்டும். இன்னின்ன பொருள் இவ்வளவு என்று அரிசி, நெய், தயிர் வரை கணக்கு. திருச்செந்தூர்க் கல்வெட்டிலும் இதே முறை. அங்கே 1,400 காசைப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்து வைத்து, அதே விகிதத்தில் நெல் பெற்றிருக்கிறார்கள். ஓர் ஊர் தவறினாலும் மற்ற ஊர்கள் தாங்கும்.

இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? கூட்டம் போட்டுப் பேசினால் பத்துப் பேர்தான் வருவார்கள். வில்லுப்பாட்டு வைத்தோம். 2021 மாசியில், மண்டபத்து வாசலில், பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் குழு. புலவரிடம் முன்கூட்டியே மண்டபத்தின் கதை, தூண்களின் கதை, இந்தக் கல்வெட்டுக் கதை மூன்றையும் கொடுத்திருந்தோம். உடுக்கும் குடமும் வீசுகோலும் சேர்ந்து ஒலிக்க, "இருநூற்றுத் தொண்ணூறு காசு" என்று அவர் எடுத்ததும் குழு "ஆமா" போட்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 'பொலி' என்ற சொல் வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார். "களத்தில் தூற்றுகிற பொலியா?" அதேதான் என்றார் புலவர். நெல்லுக்குப் பொலி, காசுக்குப் பொலி. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வட்டி என்று எவரும் சொல்வதில்லை. "பொலிப் பணத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்" என்று அன்று இரவே முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். நூறு ரூபாயிலிருந்து ஐயாயிரம் வரை.

பகிர்வதைப் பலர் கடைசி வேலையாக வைக்கிறார்கள். கட்டி முடித்து, திறப்பு விழா வைத்து, ஒரு பலகை எழுதி மாட்டுவது. எங்களுக்கு அது தலைகீழாக நடந்தது. கதையைப் பகிர்ந்த பிறகே பணம் வந்தது. அந்த இரவுக்கு ஆன செலவு 18,000 ரூபாய். மதிப்பீட்டில் எழுதிய 60,000 இல் அது முதல் செலவு. அதைவிடப் பயனுள்ள செலவு எதுவும் நாங்கள் செய்யவில்லை.

அண்ணாச்சி அந்த ஆண்டு ஆடியில் வந்தார். பேரன் கைப்பேசியில் வில்லுப்பாட்டைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். "பொலிக்கு ஒன்றரை லட்சம் எழுதிக்கொள் அம்மா. ஆனால் அப்பா பேர் எங்கேயாவது இருக்க வேண்டும்" என்றார். இந்த இடத்தில் நானும் மாறினேன். பெயர் போட ஆசைப்படுகிறவர்களைப் பற்றி எனக்கு முன்பு கொஞ்சம் இளக்காரம் இருந்தது. நம் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை என்ன சொல்கின்றன? யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், யார் கையில் கொடுத்தார் என்றுதானே? மண்டபத்தின் எந்தக் கல்லிலும் எதுவும் பொறிப்பதில்லை, வெளியே வேப்பமரத்தடியில் தனிக் கல் ஒன்று நடுவது என்று முடிவு செய்தோம். நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரும் ஒன்றரை லட்சம் கொடுத்தவர் அப்பா பெயரும் அதில் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் இருக்கின்றன. அண்ணாச்சி அதை ஏற்றுக்கொண்டார்.

வண்ணார்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சுலோசன முதலியார் பாலத்தைப் பார்த்துக்கொண்டு போவேன். 1843 இல் திறந்த பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர், ஊரில் வசூலித்துக் கட்ட நினைத்ததைத் தம் சொந்தப் பணத்திலேயே கட்டிக் கொடுத்தார். அன்றைய அரை லட்சம் ரூபாய் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டார். அவருக்காகக் காத்திருந்து பாழான மண்டபங்களை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கிடைத்தவர்கள், ஒரு சதுர அடி சுருக்கிக்கு 500 ரூபாய் கொடுத்தவர்கள். கூரையைக் கட்டம் கட்டமாகப் பெரிய தாளில் வரைந்து தேநீர்க் கடையில் ஒட்டினோம். பணம் வந்த கட்டத்துக்குப் பிள்ளைகள் மஞ்சள் பூசினார்கள். தாராவியில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் 112 கட்டம். வெள்ளிக்கிழமைதோறும் வரவும் செலவும் அதே கடைச் சுவரில் கரும்பலகையில் எழுதப்பட்டன. செலவு ஒன்றும் இல்லாத வாரத்திலும் "செலவு இல்லை" என்று எழுதினோம்.

வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்காக நாங்கள் தொடங்கிய புதிய அறக்கட்டளைக்கு, நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு அப்போது இல்லை. பெரிய தொகை தருபவர்கள் அதைக் கேட்டார்கள். அன்றைய 80ஜி விதிப்படி 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகைக்குச் செல்லாது. வங்கி வழியாகவே வர வேண்டும். ஆண்டு முடிந்ததும் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் நன்கொடைச் சான்று (அன்று அதற்கு 10பிஇ என்று பெயர்) தர வேண்டும். இந்தப் படிவத்தை மறந்தால் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது. அவர் மறுமுறை தரமாட்டார். ஒரு நல்ல ஆடிட்டரைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் நாங்கள் ஏறத்தாழ மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ப் பேரன் ஒருவர் ஒரு லட்சம் அனுப்ப விரும்பினார். துபாயில் இருக்கும் பெண் அனுப்பியபோது சிக்கல் இல்லை. அவள் இந்தியக் குடியுரிமை உள்ளவள், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினாள். பேரன் பிரிட்டன் குடிமகன். தமிழ் பேசினாலும், தாத்தா வீடு இங்கே இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது வெளிநாட்டு நன்கொடை. 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு உள்ள வேறொரு அமைப்பின் வழியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாமா என்றால், 2020 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. விடுமுறையில் வந்து பத்து நாள் தங்கி, வீடு வீடாகப் போய்ப் பழைய புகைப்படங்களைக் கைப்பேசியில் படியெடுத்தான். ஒரு ஆச்சி, கல்யாணத்துக்கு மறுநாள் அந்தப் படியில் நின்று எடுத்த படத்தைச் சேலை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதில் மண்டபத்தின் கிழக்கு மூலை தெளிவாகத் தெரிகிறது. இரண்டு மீனுக்கும் வால் இருக்கிறது.

வீட்டில் ஏட்டுச்சுவடியோ பழைய கைப்பிரதியோ இருந்தால் அதற்கென்றே நல்கைகள் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் 2004 முதல் அப்படிப் படியெடுக்கப் பணம் தருகிறது. மூல ஏடு நாட்டை விட்டுப் போகாது. எங்களிடம் அப்படி எதுவும் அகப்படவில்லை.

இனி நிறுவனப் பணம். கம்பெனிச் சட்டம் 2013, அட்டவணை ஏழில், வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களையும் இடங்களையும் புதுப்பிப்பது சமூகப் பொறுப்புச் செலவில் சேரும் என்று தெளிவாக இருக்கிறது. இதை நம்பி ஒரு நிறுவனத்தின் வாசலுக்குப் போனோம். அவர்கள் மரியாதையாகவே நடத்தினார்கள். ஆனால் எங்கள் அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டுச் செயல்பாடு இல்லை, சமூகப் பொறுப்புப் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவும் இல்லை. இரண்டும் இருந்த, பாளையங்கோட்டையில் நெடுநாளாக இயங்கும் ஓர் அறக்கட்டளையின் வழியாகத்தான் தூண்களுக்கும் படிகளுக்கும் ஆன 3,20,000 ரூபாய் வந்தது.

அங்கே இரண்டு பாடம் கற்றோம். ஒன்று, நிறுவனத்தின் ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. ஆற்றின் ஆண்டு அப்படி முடிவதில்லை. படிகளைப் பெயர்க்க வேண்டுமென்றால் தண்ணீர் இறங்கும் சித்திரையில்தான் முடியும். கார் பருவத்துக்கு ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணை திறக்கும் முன் முடித்தாக வேண்டும். மார்ச்சுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொன்னபோது பயந்துவிட்டோம். பிறகு ஆடிட்டர் வழி சொன்னார். வேலையைத் 'தொடர் திட்டம்' என்று அவர்களுடைய இயக்குநர் குழு தீர்மானித்துவிட்டால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்து முப்பது நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று ஆண்டுக்குள் செலவிடலாம். இதை ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம் இன்னும் பெரியது. பொலிப் பணத்துக்கு அவர்களால் ஒரு ரூபாயும் தர முடியாது. 2021 ஜனவரியில் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பின் மூலதன நிதிக்குக் கொடுப்பது சமூகப் பொறுப்புச் செலவாகாது. கட்டப் பணம் வெளியிலிருந்து வரும்; காக்கிற பணம் ஊரிலிருந்துதான் வர வேண்டும். 2022 ஏப்ரலில் மூன்று லட்சமும் சேர்ந்தது. கூட்டுறவு வங்கியில் ஆறு விழுக்காட்டுக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 4,500 ரூபாய் பொலி வரும்படி போட்டோம். அந்த ரசீதைக் கையில் வாங்கிய பிறகே கொத்தனாருக்கு வெற்றிலை பாக்கு வைத்தோம்.

2023 தையில் வேலை தொடங்கியது. முதல் ஒரு மாதம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு குழியும் அதில் நீற்றிய சுண்ணாம்பும்தான். "எப்போது அக்கா வேலை ஆரம்பம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் கேட்டார்கள். சுண்ணாம்பு நன்றாக நீற வேண்டும். அவசரப்பட்டால் பூசிய பிறகு வெடிக்கும். பொருளுக்கும் கூலிக்கும் முன்பணம் இந்த மாதத்திலேயே கையில் இருக்க வேண்டும். வேலை தெரிந்தபின் தருகிறேன் என்கிறவர்களை நம்பித் தொடங்கினால் குழியோடு நின்றுவிடும்.

கடுக்காயை உடைத்து, கருப்பட்டியோடு பானைகளில் ஊறவைத்தார்கள். மூன்றாம் நாள் நுரைத்துப் புளித்த வாடை ஆற்றங்கரை முழுக்க வீசியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கூரையில் பரப்பி, ஆறு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். ஒருத்தி பின்னாலேயே கடுக்காய் நீரைத் தெளித்துக்கொண்டு வருவாள். முதலில் தொப் தொப்பென்று சேற்றில் விழுவது போன்ற ஓசை. நாலைந்து நாள் அடித்த பிறகு ஓசை மாறுகிறது. கட்டை துள்ளுகிறது. கொத்தனார் கீழே நின்று காதால் கேட்டே, "தெற்கே இன்னும் சேரவில்லை, இன்னொரு நாள் அடியுங்கள்" என்பார். அந்த ஒரு நாள் கூலி மதிப்பீட்டில் இல்லை. எதிர்பாராச் செலவுக்கு 80,000 வைத்தது இதற்குத்தான். அதன்மேல் தட்டோடு பாவி, இடுக்குகளைக் காரையால் அடைத்து, ஆகஸ்டில் முடித்தோம். ஐப்பசி மழைக்கு முன் வடிகால் துப்புரவுக்கு முதல் முறையாகப் பொலியிலிருந்து 5,000 எடுத்தோம்.

டிசம்பர் 17, 18. அந்த இரண்டு நாளைப் பற்றித் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆறு ஊருக்குள் வந்தது. படித்துறைத் தெரு முழுவதும் தண்ணீர். பதினேழு வீடுகள் விழுந்தன. எங்கள் வீட்டில் அரிசி மூட்டை மிதந்தது. மண்டபத்தைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். கூரை அப்படியே இருந்தது. உள்ளே இரண்டடி வண்டல். படியில் மூன்று கல் புரண்டு கிடந்தன. வண்டலைக் காயவிட்டால் கல்லோடு இறுகும். ஆனால் யாரிடம் போய்ப் பணம் கேட்பது? அடுப்பு நனைந்து கிடக்கிற வீட்டில் மண்டபத்துக்கு நூறு ரூபாய் கொடு என்று எந்த வாயால் கேட்பது? வங்கிக் கணக்கைப் பார்த்தேன். ஆறு தவணைப் பொலி 27,000. வடிகாலுக்குப் போனது 5,000. மீதி 22,000.

வயலில் மண் மூடி வேலை இல்லாமல் நின்ற பத்துப் பேரை அழைத்தோம். நாளைக்கு 500 ரூபாய், நான்கு நாள். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் புழங்கிய முதல் கூலி அது. பெரும்பாலும் கூரையில் கட்டை பிடித்த அதே பெண்கள். மூன்று லட்சத்தையும் எடுத்துப் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அவர் வீடு விழுந்திருந்தது. முதலைத் தொடும் உரிமை எங்களுக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். அவரும் அந்தப் பத்துப் பேரில் ஒருவராக வந்தார்.

வண்டலை அள்ளத் தொடங்கும் முன், தூண்களைத் தழுவி அளந்த அந்தச் சிறுமி, இப்போது பத்தாம் வகுப்பு, பழைய நோட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கழுவிவிடாதீர்கள் அத்தை, கொஞ்சம் இருங்கள்" என்றாள். தூண்களில் சேறு ஏறிய கோடு இன்னும் ஈரமாக இருந்தது. நாடாவின் நுனியை வண்டலுக்குள் அழுத்திப் பழைய தரையைத் தொடும்வரை செருகினாள். மறுநுனியை நான் பிடித்தேன். நான்காம் தூணில் கைகூப்பி நிற்கிற இருவரின் தலைக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில் கோடு நின்றது. ஏழடி நான்கு அங்குலம். அவள் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, ஐந்தாம் தூணுக்கு நகர்ந்தாள்.